சின்னப் பிள்ளைகளோடும் வேலையோடும் வெளிநாட்டுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மே மாதக் கடைசியில் நாங்கள் ஐந்து பேர் ஆறு நாள் சிங்கப்பூர் போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், ஒன்றாம் வகுப்பு முடித்த மூத்தவன், இரண்டு வயது நிறையாத சின்னவள், அத்தை (என் மாமியார்). பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை எனக்கு. வீட்டுக்காரருக்கு கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வந்த நாளிலிருந்து ஆபீசிலும் பள்ளிக்கூட வாசலிலும் தெருவிலும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"அக்கா, ரெண்டும் சின்னப் பிள்ளைங்க. நீங்களும் வேலைக்குப் போறீங்க. இது நடக்கிற காரியமா?"

நடக்கும். பணத்தை எப்படியாவது சேர்த்துவிடலாம், எங்களுக்குத் தட்டுப்பாடு நேரம்தான். அதனால் பணத்தைச் சேர்ப்பதுபோல நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். நாள் முழுக்க உட்கார்ந்து திட்டம் போட எங்களுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. அரை அரை மணி நேரமாகத்தான் மொத்தப் பயணமும் உருவானது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த வேலை முழுவதும் அம்மா தலையில் விழுந்தால் நடக்காது, நடந்தாலும் போய்வந்த பிறகு படுத்துவிடுவோம். முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிக்கணும்?"

பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் இல்லையென்றால் ஆறு மாதம். இருந்தால் மூன்று மாதம் போதும். நாம் எதற்காகவெல்லாம் காத்திருக்கவேண்டுமோ, அதையெல்லாம் முதலில் தொடங்கிவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பது, பாஸ்போர்ட், அரசு வேலையில் இருப்பவர்களுக்குத் துறை அனுமதி எல்லாம் அந்த வகை. ஓட்டல், சுற்றிப் பார்க்கும் இடம், துணிமணி எல்லாம் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓட்டல் படங்களை இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பிறப்புச் சான்றிதழைக் கடைசியில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

"எங்களுக்கு மூச்சு விடவே நேரமில்லை. இதுக்கெல்லாம் எங்க மதினி நேரம்?"

எங்கள் வீட்டில் சின்னவள் ஒன்பதரைக்குத் தூங்குவாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள் மட்டும். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒரே வேலை. "இன்று அப்பாயின்ட்மென்ட் மட்டும்", "இன்று டிக்கெட் விலை மட்டும்" என்று. பத்து மணிக்கு மூடிவிடுவோம். முதல் வாரம் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து, மறுநாள் ஆபீசில் ஒரு இன்வாய்சை இரண்டு தடவை ஏற்றிவிட்டேன். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டோம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தோம். இடது பக்கம் செய்யவேண்டியது, வலது பக்கம் யார், எப்போது. அவருக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் நாங்கள் இரண்டு பேரும் விழித்திருக்கும் நேரம் ஒன்றாக அமையாது. நான் எழுதி வைப்பதை அவர் காலையில் வந்து பார்த்து, பதில் எழுதிவிட்டுத் தூங்குவார். அத்தையும் அதில் "மூட்டு வலி மாத்திரை 10 நாளுக்கு" என்று எழுதினார்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் அவர் பொறுப்பு. டிக்கெட்டும் பணமும் என் பொறுப்பு. பெட்டி அடுக்குவது இரண்டு பேருக்கும்.

"எந்த நாட்டுக்குப் போறது?"

விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்குமேல் உட்காரவேண்டிய ஊரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறத்தல்தான். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாம் சுமார் நாலு, நாலரை மணி நேரம்.

நாங்கள் சிங்கப்பூரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. ரயில் நிலையப் பலகையில் தமிழைப் பார்த்ததும் அத்தைக்குப் பாதி பயம் போய்விட்டது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். தள்ளுவண்டியை ரயில், பஸ் எதிலும் ஏற்றிவிடலாம். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

"லீவு எப்படிக் கேட்டீங்க? எப்பப் போறது நல்லது?"

மூன்று காலண்டரை ஒன்றாக வைத்துப் பார்த்தோம். முதலாவது ஆபீஸ். எங்கள் வேலையில் மாதா மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பி என்று இரண்டு ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்யவேண்டும். ஆக 21ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வரைதான் எனக்கு இடைவெளி. ஜூலையும் செப்டம்பரும் வரிக் கணக்குக் காலம், பேச்சுக்கே இடமில்லை. உங்கள் வேலையிலும் இப்படி ஒரு இடைவெளி இருக்கும். அதைக் கண்டுபிடித்து, நாலு மாதம் முன்பே தேதியோடு கேளுங்கள். "மே மாசம் லீவு வேணும்" என்று கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். "22 முதல் 29 வரை, 20ஆம் தேதி வேலையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று கேட்டேன், உடனே கிடைத்தது.

இரண்டாவது பள்ளிக்கூடம். மூன்றாவது நம் ஊர்க் காலண்டர், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில், சித்திரையிலும் வைகாசியிலும் ஆடியிலும் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. எங்கள் ஊர்க் கொடை எந்தச் செவ்வாய் என்று முடிவான பிறகுதான் டிக்கெட் போட்டோம். கொடைக்கு இல்லாமல் வெளிநாடு போனால் அந்தப் பேச்சு பத்து வருஷம் நிற்கும்.

நவம்பர், டிசம்பரில் நம் பக்கம் மழையையும் யோசிக்கவேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டதையும் நாம் மறக்க முடியாது. அந்த மாதங்களில் போவதென்றால் விமான நாளுக்கு முந்தின நாளே விமான நிலையம் இருக்கும் ஊருக்குப் போய்விடுங்கள்.

"கைக்குழந்தைக்குமா பாஸ்போர்ட்?"

ஆமாம், பிறந்து பத்து நாளான பிள்ளைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷம் செல்லும். கட்டணம் 1,000 ரூபாய், புதிதாக எடுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதில் 10 சதவீதம் தள்ளுபடி. பெரியவர்களுக்கு 36 பக்கத்துக்கு 1,500. தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டும்தான் ஏற்கிறார்கள், ஆதாரைக் காட்டி முடியாது. அம்மா அப்பா இருவரும் கையெழுத்துப் போடும் உறுதிமொழிப் படிவம் ஒன்று உண்டு, அனெக்சர் டி என்பார்கள். அதோடு உங்கள் பாஸ்போர்ட்டுகளின் அசலும் நகலும் கொண்டு போங்கள். உங்களுடைய பாஸ்போர்ட் செல்லும் தேதியையும் இப்போதே பாருங்கள். போகும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்கவேண்டும் என்று பெரும்பாலான நாடுகள் கேட்கின்றன.

"பிறப்புச் சான்றிதழ்ல பிள்ளை பேரே இல்லையே!"

நிறைய வீட்டில் இதுதான் கதை. ஆஸ்பத்திரியில் பிறந்த உடனே பதிந்துவிடுவார்கள், பெயர் வைப்பது அப்புறம்தானே. ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வயது வரை சேர்க்கலாம். எங்கு பிறந்ததோ அந்த மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்துப் பதிவாளரிடம்தான் போகவேண்டும், இப்போது குடியிருக்கும் இடத்தில் இல்லை.

எங்கள் மூத்தவன் சான்றிதழில் பெயர் இருந்தது, ஆனால் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. ஆறு வருஷமாகப் பீரோவில் இருந்த காகிதம், ஒரு தடவைகூட நான் எழுத்தெழுத்தாகப் படித்ததில்லை. திருத்தி வாங்க ஒன்றரை மாதம் ஆனது. இன்று ராத்திரியே எடுத்து, விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

"இனிஷியலை என்ன பண்றது? சர்நேம்னு கேக்காங்களே?"

பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது, விரித்துத்தான் எழுதவேண்டும். நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் அப்பா பெயரைச் சர்நேமாகப் போடுகிறோம். அதையே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஸ்பெல்லிங்கில் போடுங்கள். அம்மாவின் சர்நேம் அவர் அப்பா பெயராக இருந்தால் அதனால் சிக்கல் இல்லை, மாற்றப் போய் அலையவேண்டாம்.

சர்நேமைக் காலியாக விடலாம் என்று சிலர் சொல்வார்கள். படிவம் அதை ஏற்கும். ஆனால் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது நம் பக்கத்து ஆட்கள் பலர் கஷ்டப்பட்டார்கள். இரண்டு பகுதியும் இருக்கும்படி செய்வதே நல்லது. டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். ஆதாரில் உள்ளதுபோல இனிஷியல் வைத்துப் போட்டுவிடாதீர்கள்.

"பாஸ்போர்ட் ஆபீசுக்கு மதுரைக்குப் போகணுமா? பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எப்படிக் காத்திருக்கிறது?"

மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. பிள்ளைக்கு அம்மா அப்பாவில் ஒருவர் கூடப் போனால் போதும். எங்கள் வீட்டில் அவர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போனார். எனக்கு அரை நாள் லீவு மிச்சம். அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போது பிள்ளை தூங்கும் நேரத்தைத் தவிர்த்துக் கேளுங்கள்.

நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நாமே கொண்டு போகவேண்டும். ஸ்டூடியோவில் சின்னவள் அழுத அழுகையில் மூன்று தடவை திரும்பி வந்தோம். கடைசியில் கட்டிலில் தாத்தாவின் வெளுத்த வேட்டியை மடிப்பில்லாமல் விரித்து, அவளைப் படுக்க வைத்து, மேலே நின்று நான் கொலுசை ஆட்ட, அது எங்கே சத்தம் என்று பார்த்த அந்த ஒரு நொடியில் அவர் எடுத்தார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழவேண்டும், நிழல் கூடாது, வாய் மூடியிருக்கவேண்டும். அந்தப் படத்தைத்தான் ஸ்டூடியோவில் கொடுத்து அளவுக்கு வெட்டி வாங்கினோம். அதையே ஏற்றுக்கொண்டார்கள்.

"நான் கவர்மென்ட் டீச்சர். எனக்கு ஏதாவது தனியா உண்டா?"

உண்டு, இரண்டு இடத்தில். பாஸ்போர்ட் எடுக்கும்போது அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்த கடிதம் அல்லது தடையின்மைச் சான்று தேவைப்படும். பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தாலும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கும் துறையின் அனுமதி தனியாக வாங்கவேண்டும். அந்தக் கோப்பு பல மேசைகள் ஏறி இறங்கும். அனுமதி கைக்கு வரும் முன் பணம் திரும்ப வராத டிக்கெட் எடுக்காதீர்கள்.

"தூத்துக்குடியில ஏர்போர்ட் பெருசா கட்டியிருக்காங்களே, அங்க இருந்து போக முடியாதா?"

வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்திருக்கிறார்கள், ஆனால் அங்கிருந்து உள்நாட்டு விமானங்கள்தான். சென்னை போய் மாறலாம். சின்னப் பிள்ளையோடு விமானம் மாறுவதைவிட, சாலையில் போய் ஒரே விமானத்தில் ஏறுவதையே நான் விரும்புவேன்.

திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களான நமக்குக் கிட்ட இருப்பது திருவனந்தபுரமும் மதுரையும், இரண்டும் ஏறத்தாழ 150, 160 கிலோமீட்டர். மதுரையிலிருந்து கொழும்பு, துபாய் போகலாம். சிங்கப்பூர், கோலாலம்பூர் என்றால் திருவனந்தபுரமும் திருச்சியும். திருச்சி தூரம்தான், ஆனால் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் வந்தே பாரத் சுமார் நாலு மணி நேரத்தில் கொண்டு விட்டுவிடும். செவ்வாய்க்கிழமை அந்த ரயில் இல்லை. நாங்கள் நாகர்கோவில், களியக்காவிளை வழியாகக் காரில் திருவனந்தபுரம் போனோம். நாலு மணி நேரம் என்று சொல்வார்கள், பிள்ளைகளோடு ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் "சாக்கை, சர்வதேச முனையம்" என்று சொல்லவேண்டும். உள்நாட்டு முனையம் ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் சங்குமுகத்தில் இருக்கிறது.

ஒரு கூடுதல் தகவல். பத்மநாபசாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் வருஷத்தில் இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், அந்த ஓடுதளத்தைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது. அன்று மாலை சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் விமான நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"பிள்ளைக்கு டிக்கெட் பாதி விலைதானே?"

பஸ் மாதிரி நினைத்துவிடாதீர்கள். இரண்டு வயது நிறையாத பிள்ளை மடியில் உட்கார்ந்து வரலாம், அதற்குக் குறைந்த கட்டணம். இரண்டு நிறைந்துவிட்டால் தனி இருக்கை. மலிவு விலை விமானங்களில் அதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணமே.

இதில்தான் ஒரு கணக்கு. போகும்போது இரண்டு வயது நிறைய ஓரிரு நாள் பாக்கி, ஊர் சுற்றும்போது பிறந்தநாள் வந்து இரண்டு நிறைகிறது என்றால், திரும்பும் விமானத்துக்கு முழு இருக்கை எடுக்கவேண்டும். சின்னவளுக்கு ஜூன் 3 பிறந்தநாள். மேலே சொன்ன மே 22 முதல் 29 என்ற தேதியை நாங்கள் இறுக்கிப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"பேக்கேஜ்ல போகட்டா, நாமளே பார்த்துக்கலாமா?"

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் நாமே பார்த்துக்கொள்வது நல்லது என்பேன். காலை ஏழரைக்கு பஸ் ஏறு, எட்டரைக்கு இறங்கு என்று குழுவோடு ஓட அந்தப் பிள்ளையால் முடியாது. வெளிநாடே முதல் தடவை, மொழியும் பயம் என்றால் பேக்கேஜில் போங்கள், தப்பில்லை.

என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டு பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது டிசிஎஸ் என்று ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். அது கூடுதல் செலவு இல்லை. நம் பான் எண்ணில் அரசுக்குப் போய்ச் சேரும் முன்வரி. வருமான வரிக் கணக்கு போடும்போது கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லையென்றால் திரும்ப வாங்கலாம். எங்கள் ஆபீசுக்கு வந்த ஒருவர் அதை மறந்தே போயிருந்தார், 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தப் பட்டியலை எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். வரிக் கணக்கு போடும் ஆளின் பான் எண்ணைக் கொடுங்கள். வெறும் விமான டிக்கெட் மட்டும் எடுத்தால் அது பேக்கேஜ் கணக்கில் வராது.

"விசாவுக்கு எவ்வளவு நாளாகும்?"

சிங்கப்பூருக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கூலி தனி. கைக்குழந்தைக்கும் உண்டு. பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கொடுத்தோம், ஒரு வாரத்தில் வந்தது. மலேசியாவுக்கு இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது.

இரண்டு நாட்டுக்கும் போய்ச் சேருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்பவேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. அது இலவசம். பணம் கேட்கும் தளத்துக்குள் போய்விட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

"ஆச்சியையும் கூட்டிட்டுப் போனா பிள்ளையைப் பார்த்துப்பாங்கல்ல?"

கூட்டிப் போங்கள், ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அல்ல. அவர்களும் பார்க்கத்தானே வருகிறார்கள். அத்தை ஒரு நாள் காலை எங்கேயும் வரவில்லை, அறையிலேயே இருந்தார்கள். அன்று மாலை செராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அவர்களை மட்டும் நான் அழைத்துப் போனேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு நடந்தது அன்றுதான்.

இரண்டு விஷயம் முன்னாலேயே பேசிவிடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், சிங்கப்பூருக்குள் மெல்லும் புகையிலை கொண்டு போகத் தடை. ஒரு சின்னப் பொட்டலம்கூடக் கூடாது. தூக்க மாத்திரை, கோடின் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்னனுமதி தேவைப்படலாம். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வையுங்கள்.

"சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போறது?"

இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், சத்துமாவு, அவல். சின்னவளுக்கு சத்துமாவுக் கஞ்சிதான் மூன்று நாள் காலை உணவு. அறையில் வெந்நீர்க் கெட்டில் இருந்தது, அது போதும்.

கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்கக் கூடாது, நம் நாட்டு விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். துபாய் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். குருமா மசாலாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூருக்குச் சூயிங்கம் கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். சொந்தக்காரர்களுக்கு அல்வா கொண்டு போனால் நெய் கசியாமல் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பாலிதீன் சுற்றி, பெரிய பெட்டியில் வையுங்கள். பிள்ளைக்கான பால், கஞ்சி மட்டும் 100 மில்லி கட்டுப்பாட்டைத் தாண்டிக் கைப்பையில் அனுமதிப்பார்கள், கேட்டால் காட்டவேண்டும்.

"பிளைட்ல அழுதா என்ன செய்ய? தூக்க மருந்து கொடுக்கலாம்னு சொன்னாங்களே?"

டாக்டர் சொல்லாமல் தூங்க வைக்கும் மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைக்கு அது ஆபத்து.

ஏறும்போதும் முக்கியமாக இறங்கும்போதும் காதுக்குள் அழுத்தம் மாறும், அதுதான் பெரும்பாலும் அழவைக்கிறது. எதையாவது உறிஞ்சி விழுங்கினால் அது சரியாகும். தாய்ப்பால், பாட்டில், பெரிய பிள்ளைக்கு மிட்டாய். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் தாழ ஆரம்பித்துவிடும். அப்போது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிப் பால் கொடுப்பதா என்று நான் தயங்கினேன். எழுப்பினேன், நல்லதாகப் போனது. சளி பிடித்திருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் காதைக் காட்டிவிடுங்கள்.

"அங்க போய் எத்தனை இடம் பார்க்கலாம்?"

ஒரு நாளைக்கு ஒரே இடம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை ஆறரைக்கு எழும் பிள்ளைக்கு அங்கே ஒன்பது ஆகிவிடும். ராத்திரி ஒன்பதரைக்குத் தூங்குவது அங்கே பன்னிரண்டு. நாங்கள் அதை மாற்றவே முயலவில்லை. பதினொன்றுக்கு வெளியே போய், மதியம் வந்து படுத்து, மாலை மறுபடி கிளம்பினோம். கார்டன்ஸ் பை தி பேயில் ராட்சத மரங்களின் விளக்குக் காட்சி 7:45க்கும் 8:45க்கும், காசில்லை. நம் பிள்ளைகளுக்கு அது மாலை ஐந்தேகால், ஆறேகால் மாதிரி. சுறுசுறுப்பாக இருந்தார்கள்.

90 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு ரயிலும் பஸ்ஸும் இலவசம். கார் வேண்டுமென்றால் டாக்சி எடுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை கட்டாயம், டாக்சிக்கு மட்டும்தான் விலக்கு. செயலியில் கூப்பிடும் தனியார் கார்களுக்கு அந்த விலக்கு இல்லை.

"ஆபீஸ்ல இருந்து போன் வந்துகிட்டே இருக்குமே?"

வரும். அதனால் நானே ஒரு நேரம் கொடுத்துவிட்டேன். நம் ஊர் பதினொன்றரை, அங்கே மதியம் இரண்டு, சின்னவள் தூங்கும் நேரம். அந்த அரை மணி மட்டும். மற்ற நேரம் அவசரம் என்றால் செய்தி அனுப்பச் சொன்னேன். ஆறு நாளில் இரண்டு தடவைதான் கூப்பிட்டார்கள். வங்கி ஓடிபி நம் ஊர் எண்ணுக்குத்தான் வரும் என்பதால் கிளம்பும் முன் ரோமிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"இவங்களுக்கு லீவு கிடைக்கலைன்னா நான் மட்டும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?"

போகலாம். அப்பாவின் சம்மதக் கடிதம் ஒன்றை நோட்டரி முத்திரையோடு, அவர் பாஸ்போர்ட் நகலோடு கையில் வைத்திருங்கள். குடியேற்றப் பிரிவில் கேட்டால் உதவும். ஒரு பெரியவருக்கு ஒரு மடிப் பிள்ளைதான். இரண்டும் இரண்டு வயதுக்குள் என்றால் ஒன்றுக்குத் தனி இருக்கை எடுக்கவேண்டிவரும், விமான நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள்.

"கிளம்புற அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துட்டா?"

மனசைக் கல்லாக்கிக்கொண்டு தேதியை மாற்றவேண்டியதுதான். அதற்காகத்தான் பயணக் காப்பீடு. நோயால் பயணம் ரத்தானால் கொடுப்பார்களா என்று வாங்கும் முன் படியுங்கள், எல்லாத் திட்டத்திலும் அது இருக்காது. இரண்டு வாரம் முன்பு குழந்தை டாக்டரைப் பார்த்து, விட்டுப்போன தடுப்பூசி, எடைக்கேற்ற காய்ச்சல் மருந்து அளவு, ஓஆர்எஸ் எல்லாம் எழுதி வாங்கிவிடுங்கள். கடைசி வாரம் கல்யாண வீடு, கூட்டம் எதற்கும் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை.

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது? வீண் செலவுன்னு வீட்டில சொல்றாங்க."

சின்னவளுக்கு ஞாபகம் இருக்காது, உண்மைதான். எனக்கு இருக்கிறது. சாங்கி விமான நிலையத்துக்குள் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்த்துவிட்டு, "குத்தாலம்!" என்று மூத்தவன் கத்தினான். பக்கத்தில் நின்ற யாரோ தமிழ்க்காரர் சிரித்துவிட்டார். வாரத்தில் பாதி நாள் அப்பாவைத் தூங்குகிற ஆளாகவே பார்க்கிற பிள்ளை, ஆறு நாள் அவர் தோளிலேயே இருந்தது. கடன் வாங்கிப் போகாதீர்கள், அது சரி. கையில் இருக்கிறது என்றால் பிள்ளை பெரிதாகட்டும் என்று காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

"வந்த மறுநாளே வேலைக்குப் போயிடலாமா?"

வேண்டாம். ஒரு நாள் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டித் துணி துவைக்க இருக்கும், மாவு இருக்காது. முதல் நாள் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் அம்மா வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சாப்பாடு வந்தது.

அந்த ஒரு நாளில், துணி காய்வதற்குள், பாஸ்போர்ட்டுகளைப் பீரோவில் வைத்துவிட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்த நோட்டை எடுத்தேன். ஐந்து பேர் பாஸ்போர்ட்டும் முடியும் தேதிகளைக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அதன் கீழே மூத்தவன் பென்சிலில் "அடுத்து கொழும்பு" என்று எழுதி வைத்திருக்கிறான். அத்தையும் அதைப் படித்துவிட்டார்கள்.